வாசகர் கேள்வி பதில்: ஜன்னலை வெளியே நீட்டலாமா?

போன இதழில் 'சுவரைத் தாண்டி நீளும் ஜன்னல்களைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் ஊரில் பாதிப் பேர் கையில் பிளானோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள் போல. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஏழு கேள்விகளாக்கியிருக்கிறேன்.

சார், சரவணம்பட்டி பக்கம் ஐந்தரை சென்ட்டில் வீடு கட்டுகிறோம். கிழக்கு பார்த்த மனை. ஹாலுக்குத் தெற்குச் சுவரில் ஒரு ஜன்னல், படுக்கையறைக்கு மேற்குச் சுவரில் ஒன்று. இரண்டையும் வெளியே நீட்டி உட்காருகிற மாதிரி செய்ய ஆசை. இன்ஜினியர் மூன்று படம் காட்டினார்: பே, பாக்ஸ், போ. என் மனைவிக்கு வளைவாக வரும் 'போ' பிடித்திருக்கிறது, எனக்குச் செலவு குறைவாக இருப்பது எதுவோ அது பிடித்திருக்கிறது. தெற்கில் ஆறடி காலி விட்டிருக்கிறோம். எதைத் தேர்ந்தெடுக்க? — கோவை வாசகர்

முதலில் அந்த மேற்குச் சுவரை விட்டுவிடுங்கள். அங்கே எந்த மாடலும் வேண்டாம்.

நீங்கள் படத்தில் பார்க்கிற இந்த ஜன்னல்கள் விக்டோரியா காலத்து இங்கிலாந்து வீடுகளில் வரிசை வரிசையாக இருக்கும். அங்கே வெயில் கிடைப்பதே பெரிய விஷயம், அதனால் சுவரை விட்டு வெளியே போய் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்து, கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடித்து உள்ளே அனுப்பினார்கள். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமா? நமக்கு ஜன்னலை நீட்டக் காரணம் இரண்டுதான்: காற்று, உட்கார இடம். மேற்கில் சாயங்கால வெயில் தாழ்ந்து நேராக உள்ளே வரும், இரண்டடி சன்ஷேடு அதைத் தடுக்காது. அந்தப் பக்கம் கண்ணாடியை வெளியே கொண்டுபோய் வைப்பது வெயிலுக்குப் பாய் விரித்துக் கொடுக்கிற வேலை. சாதாரண ஜன்னல் வையுங்கள், சின்னதாக.

தெற்கு நல்ல பக்கம். கோவையில் ஏப்ரல் 20ஐ ஒட்டி மதியச் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும், பிறகு ஆகஸ்ட் 23 வாக்கில் திரும்ப வரும். இடைப்பட்ட நாட்களில் உச்சிவெயில் வடக்குப் பக்கமாகத்தான் நிற்கும். அதாவது அக்னி நட்சத்திரத்தில் உங்கள் தெற்கு ஜன்னலில் மதிய வெயிலே விழாது. மார்கழியில் விழும், ஆனால் அப்போதும் சூரியன் 55 டிகிரி உயரத்தில் இருப்பதால் இரண்டடி சன்ஷேடு ஏறக்குறைய மூன்றடி உயரத்துக்கு நிழல் கொடுத்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த இரண்டடி என்பது ஜன்னலின் முகப்பிலிருந்து அளப்பது, சுவரிலிருந்து அல்ல. ஜன்னலை ஒன்றரை அடி நீட்டிவிட்டு மேலே வழக்கமான இரண்டடி சன்ஷேடையே போட்டால் உங்களுக்கு மிச்சம் அரை அடி நிழல்தான். இந்தத் தப்பை நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் செய்திருக்கிறார்கள்.

இப்போது மூன்று மாடலுக்கு வருவோம். பாக்ஸ் என்றால் பக்கவாட்டு இரண்டும் சுவருக்கு நேர் செங்குத்தாக வந்து பெட்டி மாதிரி நிற்பது. பே என்று உங்கள் இன்ஜினியர் சொல்வது பக்கங்கள் சாய்ந்து வருவது, பெரும்பாலும் 45 டிகிரி, சில இடத்தில் 30. போ என்பது நான்கு, ஐந்து சம அளவுக் கண்ணாடிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைத்து வளைவு மாதிரி காட்டுவது. ஆறடி அகலத் திறப்பில் ஒன்றரை அடி நீட்டுவதாக வைத்துக்கொண்டு கண்ணாடி எவ்வளவு போகிறது என்று நானே ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரண ஜன்னலுக்கு ஆறடி, பாக்ஸுக்கு ஒன்பதடி, 45 டிகிரி பே-க்கு ஏழேகால், போ-வுக்கு ஏழடி. ஆக, கண்ணாடிக் கணக்கில் பாக்ஸ்தான் அதிகம். ஆனால் போ-வில் ஐந்து கண்ணாடி என்றால் இடையில் நான்கு இணைப்பு, சுவரோடு இரண்டு, ஒவ்வொன்றும் மழைக்கு ஒரு வாசல். சில்லுக்கு (ஜன்னலின் அடிப்பலகைக்கு) கிரானைட்டை வளைத்து வெட்ட வேண்டும், கிரில்லை முறித்து முறித்து அடிக்க வேண்டும், வளைவுக்கு சென்டரிங் போட ஒரு நாள் கூடுதலாகும், திரைச்சீலைக் கம்பிக்கு அலைய வேண்டும். அதுவும் போ அழகாகத் தெரிய எட்டு, பத்தடி அகலமாவது வேண்டும். ஆறடிக்குள் அடக்கினால் சுவரில் வீக்கம் வந்த மாதிரி இருக்கும்.

45 டிகிரி பே-யில் முன்பக்கக் கண்ணாடி மூன்றடிக்குச் சுருங்கிவிடும், மூலைகள் சாய்வில் போய்விடும், எனவே ஒருவர்தான் வசதியாக உட்கார முடியும். பாக்ஸில் ஆறடியும் உங்களுக்கே. காலை நீட்டிப் படுத்துக்கொண்டு பேப்பர் படிக்கலாம்.

இன்னொரு விஷயம், ஒன்றரை அடி நீட்ட வேண்டியதே இல்லை. உங்கள் சுவர் 9 அங்குலம். வெளியே 12 அங்குலம் நீட்டினால் உள்பக்கத்திலிருந்து மொத்தம் 21. அதில் ஃப்ரேமுக்கு மூன்று போனாலும் 18 அங்குலம் மிச்சம், ஒரு நாற்காலியின் ஆழம் அவ்வளவுதான். சுவரின் தடிமனை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஓரடி நீட்டினால் கண்ணாடியும் எட்டடியாகக் குறையும், காங்கிரீட்டுக்கும் சிரமமில்லை.

காற்றுக்கு: முன்பக்கத்தை மூடிய கண்ணாடியாக விட்டுவிட்டு, பக்கவாட்டு இரண்டையும் திறக்கிற மாதிரி வையுங்கள். நம் ஆட்கள் தலைகீழாகச் செய்வார்கள், நடுவில் திறப்பு, பக்கத்தில் ஃபிக்ஸட். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் உங்கள் ஊருக்கு வருகிற காற்று மேற்கிலிருந்து வருகிறது. தெற்குச் சுவரை ஒட்டி ஓடுகிற அந்தக் காற்றைப் பாக்ஸின் மேற்குப் பக்கக் கதவு கையை நீட்டிப் பிடித்து உள்ளே தள்ளும். வெளியே நீட்டுவதில் நம் ஊருக்கு உள்ள உண்மையான லாபமே இதுதான். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் கண்ணாடிக்குப் பதில் மரச் சட்டம் போட்ட லூவர் (சாய்ந்த பட்டைகளை அடுக்கியது) வைத்தால் சாயங்கால வெயிலும் நிற்கும், காற்றும் வரும்.

ஆக, தெற்கில் பாக்ஸ், ஓரடி. உங்கள் மனைவியிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள், என் பெயரை இழுக்க வேண்டாம்.

முதல் மாடியில் ஜன்னலைத் தொங்கலாக நீட்டி உட்காரும் திண்டு போட நினைக்கிறோம். 'சன்ஷேடு மாதிரி சில் மட்டத்தில் ஒரு ஸ்லாப் இழுத்துவிட்டால் போதும்மா' என்கிறார் கொத்தனார். பயமாக இருக்கிறது. — திருச்சி வாசகி

பயம் நியாயமானது. சன்ஷேடு ஏன் விழாமல் நிற்கிறது? அது லிண்டலோடு (ஜன்னல் திறப்புக்கு மேலே ஓடும் காங்கிரீட் உத்திரத்தோடு) சேர்ந்து வார்க்கப்பட்டு, லிண்டலுக்கு மேலே கட்டுகிற சுவரின் பாரம் அதன் வாலை அமுக்கிப் பிடிக்கிறது. மேல் சுவர் எழும்புவதற்கு முன்னால் முட்டுக் கொடுத்ததைப் பிரித்தால் மொத்தமும் முன்னால் கவிழும், வேலை நடக்கிற இடங்களில் இப்படி விபத்து ஆவது உண்டு. இப்போது உங்கள் திண்டை யோசியுங்கள். சில் மட்டத்தில் ஸ்லாப், அதற்கு மேலே என்ன இருக்கிறது? ஜன்னல். அதாவது வெறும் திறப்பு. அமுக்கிப் பிடிக்க ஒன்றுமே இல்லை. அதன் மேல் இரண்டு பேர் உட்கார வேறு போகிறார்கள்!

மாடியில் இதற்குச் சரியான வழி, அந்த அறையின் தரை ஸ்லாபையே வெளியே நீட்டி, அதன் மேல் திண்டைக் கட்டிக்கொள்வது. ஸ்லாப் போடுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. நீளும் பகுதியில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும், ஏனென்றால் தொங்கல் ஸ்லாபில் இழுவிசை மேலேதான் வருகிறது. வெளியே நீள்வதைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு அந்தக் கம்பி அறைக்குள்ளும் ஓட வேண்டும். காங்கிரீட் கொட்டும்போது ஆட்கள் நடந்து மிதித்து அந்த மேல் கம்பியைக் கீழே இறக்கிவிடுவார்கள், அன்றைக்கு நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். தடிமனுக்கு ஐ.எஸ். 456 என்கிற இந்தியக் காங்கிரீட் விதி தொங்கலுக்கு நீளத்தில் ஏழில் ஒரு பங்கு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. இரண்டடி நீட்டினால் கவரிங் (கம்பியை மூடும் காங்கிரீட்) எல்லாம் சேர்த்து நாலரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மேலே திண்டும் கண்ணாடியும் வருவதால் கம்பி எத்தனை எம்.எம். என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்லட்டும், கொத்தனார் வேண்டாம். சில் மட்டத்தில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், இரண்டு தூணுக்கு நடுவே ஒரு பீம் ஓட்டி அதிலிருந்து இழுக்கலாம். செலவு கூடும்.

தரைத்தளத்தில் கேட்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கீழே என்றால் அஸ்திவாரத்திலிருந்தே கட்டிக் கொண்டுவந்துவிடலாம், நிம்மதி. ஆனால் 'சின்ன வேலைதானே' என்று ஓரடி ஆழத்தில் தனியாக அஸ்திவாரம் போட்டால் வீடு ஒரு பக்கம், ஜன்னல் ஒரு பக்கம் இறங்கி நடுவில் விரிசல் விடும். கரிசல் மண்ணில் கேட்கவே வேண்டாம். வீட்டுக்கு எவ்வளவு ஆழமோ அதே ஆழம்.

நாகர்கோவிலில் மூன்று வருடம் முன்பு கட்டிய வீடு. ஜூன் மழை தொடங்கினால் பே விண்டோ திண்டில் தண்ணீர் நிற்கிறது. சிலிகான் மூன்று முறை அடித்தாயிற்று. — வாசகர், குமரி மாவட்டம்

நீங்கள் சிலிகானை எங்கே அடித்தீர்கள்? கண்ணாடி ஓரத்தில்தானே. தண்ணீர் அங்கிருந்து வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பக்கம் தென்மேற்கு மழை காற்றோடு படுக்கை வசத்தில் அடிக்கும். முதலில் ஏணி போட்டு ஜன்னலின் மேல் ஸ்லாபைப் பாருங்கள். வெளிப்பக்கமாக வாட்டம் இருக்கிறதா, இல்லை தண்ணீர் சுவர் பக்கம் தேங்குகிறதா? அந்த ஸ்லாபும் வீட்டுச் சுவரும் சேரும் மூலையில் முடி போல ஒரு விரிசல் ஓடும், அதன் மேல்தான் முதல் சந்தேகம். அங்கே பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, மூலையை உருட்டிப் பூசி, வாட்டர்ப்ரூஃபிங் பூச்சைச் சுவர் மேல் ஆறு அங்குலம் ஏற்றி அடிக்க வேண்டும்.

அடுத்தது ஸ்லாபின் அடிப்பக்கம். ஓரத்தை ஒட்டி ஒரு சின்னப் பள்ளம் இழுத்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் சொட்டு கீழே விழாமல் அடியிலேயே ஊர்ந்து ஃப்ரேம் தலைக்கு வந்துவிடும். மூன்றாவது, வெளிச் சில். கிரானைட்டை மட்டமாகப் பதித்திருப்பார்கள், உள்பக்கச் சாய்வில்கூடப் பதித்திருப்பார்கள். ஃப்ரேமில் தண்ணீர் வெளியேறச் சின்ன ஓட்டைகள் உண்டு, பெயின்ட் அடித்தவரோ நீங்களோ சிலிகானால் அதையும் அடைத்திருக்கலாம். மூன்று தடவை அடித்தேன் என்கிறீர்களே, அதனால் சந்தேகம்.

பக்கத்திலேயே இருக்கிறது பத்மநாபபுரம் அரண்மனை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அங்கே வெளியே நீண்டு நிற்கும் அம்பாரி முகப்பைப் பாருங்கள். யானை மேல் வைக்கிற அம்பாரி மாதிரி மரத்தில் செய்தது. அந்தக் காலத் தச்சர்கள் கூரையைத் தாழ்த்திச் சரித்துவிட்டுத்தான் ஜன்னலை நீட்டினார்கள். நாம் தட்டையான காங்கிரீட் பெட்டியை ஒட்டிவிட்டு சிலிகான் டியூப்போடு சுற்றுகிறோம்.

சென்னையில் ஃபிளாட் பார்த்தோம். ஒவ்வொரு படுக்கையறையிலும் பே விண்டோ, அதற்குத் தனி விலை மாதிரி பேசுகிறார்கள். அது கார்பெட் ஏரியாவில் சேருமா? — வேளச்சேரி வாசகி

ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி கார்பெட் ஏரியா என்பது வீட்டுக்குள் பயன்படுத்தக்கூடிய தரைப்பரப்பு. வெளிச் சுவரும் பால்கனியும் அதில் வராது. ஜன்னல் வெளியே நீண்டிருக்கும் இடத்தில் தரையே நீண்டிருக்கிறதா, இல்லை ஒன்றரை அடி உயரத்தில் திண்டு மட்டும்தானா என்று பாருங்கள். திண்டு மட்டும் என்றால் அங்கே கட்டிலும் போட முடியாது, பீரோவும் வைக்க முடியாது, அதைத் தரைக் கணக்கில் சேர்த்து விலை சொன்னால் கேள்வி கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். அனுமதி வாங்கிய பிளானில் அந்த நீட்டல் வரையப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், சில கட்டடங்களில் அந்தத் திண்டுக்கு அடியில் ஏசி வெளி யூனிட்டை ஒளித்து வைப்பார்கள். வெளியே பார்க்க அழகு, உள்ளே உட்கார்ந்தால் அடியில் சூடும் இரைச்சலும்.

மாடி ஃபிளாட்டில் திண்டு உயரம் ஒன்றரை அடி, அதன் மேல் ஏறி நின்றால் குழந்தைக்கு ஜன்னல் இடுப்பளவுகூட வராது. கிரில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். முன்பக்கக் கண்ணாடி லேமினேட்டடா என்று கேளுங்கள். டஃபன்ட் உடைந்தால் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும், காயம் குறைவு, ஆனால் அந்த இடம் திறந்துவிடும். லேமினேட்டட் உடைந்தாலும் இடத்திலேயே ஒட்டி நிற்கும்.

ஜெய்ப்பூர் போய்வந்ததிலிருந்து ஜரோகா (சுவரை விட்டு வெளியே நீண்டு நிற்கும் ராஜஸ்தான் ஜன்னல்) பைத்தியம் பிடித்திருக்கிறது. ஈ.சி.ஆர். பக்கம் கட்டும் வீட்டில் வைக்கலாமா? — வாசகர், மாமல்லபுரம்

நல்ல பைத்தியம்தான்! 1799இல் கட்டிய ஹவா மஹாலில் 953 ஜன்னல்கள் என்று கணக்குச் சொல்வார்கள், அரண்மனைப் பெண்கள் தங்களை யாரும் பார்க்காமல் தெருவைப் பார்க்க. ஆனால் நீங்கள் அங்கே கவனித்தீர்களா, முகப்பு முழுக்க ஓட்டை ஓட்டையாக 'ஜாலி' என்கிற வலைப்பின்னல் தட்டி. வெயிலைச் சல்லடையில் சலித்துவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடுகிறது. வெளியே நீளும் ஜன்னல்களில் வெயில் தேசத்துக்கென்று பிறந்தது இதுதான், இங்கிலாந்துக் கண்ணாடிப் பெட்டியைவிட இது நமக்குக் கிட்டத்துச் சொந்தம்.

அதனால் ஜரோகா வைத்துவிட்டு உள்ளே முழுக் கண்ணாடி போட்டு ஏசி ஓட்டுவது வீண். ஜாலியைத் தேக்கிலோ கல்லிலோ செய்து, அதன் பின்னால் கொசுவலையும் திறந்து மூடும் கதவும் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து மழை அடிக்கும்போது மூட அந்தக் கதவு இல்லாமல் முடியாது, கடல் பக்கம் கிழக்குதான் என்பதால் நேராக வாங்குவீர்கள். உப்புக் காற்றில் சாதாரண இரும்பு கீல் தாங்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 304 ரகம் போதாது, 316 என்று கேட்டு வாங்குங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, பில்லில் எழுதச் சொல்லுங்கள். தாங்குகிற பிராக்கெட்டுகளை அலங்காரத்துக்கு மட்டும் பிளாஸ்டரில் ஒட்டிவிட்டு 'ராஜஸ்தானி' என்று சொல்லாமல் இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

சமையலறையில் 'கார்டன் விண்டோ' வைத்துக் கறிவேப்பிலை, புதினா வளர்க்கலாமா? மேலேயும் கண்ணாடி போட்ட மாடல். — மதுரை

மதுரை வெயிலில் மேலே கண்ணாடியா? புதினா காலையில் வதங்கும், மதியம் வெந்துவிடும், சாயங்காலம் சட்னி அரைத்துக்கொள்ளலாம். கண்ணாடியை விடுங்கள், ஜன்னலுக்கு வெளியே ஓரடி ஆழத்தில் கிரில் பெட்டி அடித்து, மேலே சன்ஷேடு, கீழே தொட்டிகளுக்குத் தட்டு. சிங்குக்கு நேராக என்றால் கை எட்டுகிற தூரம் பாருங்கள். மேடையே இரண்டடி, அதற்கப்புறம் சுவர், அப்புறம் ஓரடி. குள்ளமானவர்கள் வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஸ்டூல் போட வேண்டியிருக்கும். கறிவேப்பிலை மரமாகும் ஜாதி, அதைத் தரையில் வையுங்கள்.

தாத்தா கட்டிய செங்கல் வீடு, தூண் கிடையாது. ஹால் சுவரை உடைத்து பாக்ஸ் விண்டோ வைக்க முடியுமா? சாஸ்திரப்படி சுவரைத் தாண்டி நீட்டினால் தோஷம் என்று பெரியப்பா வேறு சொல்கிறார். — கும்பகோணம்

சுவர்தான் மேல்தளத்தைச் சுமக்கிறது, அதனால் இருக்கிற ஜன்னலின் அகலத்தைக் கூட்டாதீர்கள். அந்த அகலத்துக்குள், லிண்டலைத் தொடாமல், கீழே சில் பக்கம் மட்டும் இறக்கி உடைத்து, எம்.எஸ். (சாதாரண இரும்பு) சட்டத்தில் ஒரு பெட்டி செய்து வெளியே மாட்டலாம். சுவரில் வெறும் ஸ்க்ரூ அடித்து நிறுத்தாமல், கீழே பிராக்கெட் கொடுத்து, உள்பக்கம் தகடு வைத்து, சுவருக்கு ஊடே போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பழைய வீட்டுக் கலவை சுண்ணாம்பாக இருந்தால் துளை போடும் ஆள் மெதுவாகப் போகட்டும், ஹேமர் டிரில் வேண்டாம். அதில் உட்கார வேண்டாம், பூந்தொட்டியும் புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள். உட்காரத்தான் தாத்தா வாசலில் திண்ணை கட்டியிருப்பாரே.

பெரியப்பா விஷயத்தில் நான் தலையிட மாட்டேன். ஆனால் அந்தச் சுவருக்கு வெளியே பக்கத்து மனை எத்தனை அடியில் தொடங்குகிறது என்று அளந்தீர்களா? இரண்டரை அடிதான் இருக்கிறது என்றால் தோஷம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.